காலித் துறைமுகம்

இலங்கையின் தென்கரையிலுள்ள காலியின் பழம்பெருமைக்குச் சிறந்த சான்று, ஒரு வடிகாலின்மேல் மூடுகல்லாய்க் கிடந்தது. 1911ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறுகின்றது. இக்கடலில் தமிழ் வழங்கியமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் துறையின் வாயிலில் மறைபாறைகள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றும் அலையைக் கொணர்ந்து வீசும். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மதில்களைப் பெருக்கினர்; கடலை அடக்க அவர்களால் இயலவில்லை. 1659இல் அவர்தம் 'அவொன்ட்ஸ்டர்' என்னுங் கப்பல் நங்கூரம் பிடியாது துறைக்குள்ளேயே அமிழ்ந்தது.

ஆங்கிலேயர் காலத்து நீராவித் தபாற்கப்பல்களும் காலியையே நாடின. ஆனால் மலைநாட்டுக் கோப்பிக்கும் புகையிரதப் பாதைக்கும் அண்மையில் இருந்தது கொழும்பு. அங்கே 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பணை 1885இல் நிறைவுற்றது. கப்பல்களும் அங்கே சென்றன. பாறைகள் காலியைக் கெடுத்தன என்பர். அப்பணம் காலியிற் செலவிடப்படாமையும் ஒரு காரணமன்றோ?

இன்று மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் பாய்மரக் கலங்களும் சிறு சரக்குக் கப்பல்களும் இங்கு வருகின்றன. துறையை விரிவாக்கும் பேச்சு பலகாலமாய் உண்டு. ஆனால் அடிச்சேற்றில் உடைகலங்கள் கிடக்கின்றன. கரையில், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த கோட்டை நிற்கின்றது. தூர்வாரும் எந்திரம் இறங்குமுன், சுழியோடிகள் இறங்கிக் கடலடியை அளந்து பதிவுசெய்தல் வேண்டும்.