வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட்: கட்டணம், கொள்கை, நடைமுறை - முழு விவரம்

புதுடெல்லி: இந்தியாவில் இணையத்தைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்து வந்தாலும், வீட்டுக்குள் கேபிள் வழியாக வந்து சேரும் பிராட்பேண்ட் இணைப்பு இன்னும் ஒரு சிறு பகுதியினருக்கே வாய்த்துள்ளது. இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் இருந்தன. அவற்றில் கேபிள் வழி இணைப்புகள் 4 கோடியைச் சற்றே தாண்டின. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை கைபேசி இணைப்புகள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24.67 கோடி குடும்பங்கள் இருந்தன. அந்தப் பழைய எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டாலும், அலுவலகங்கள், கடைகள் ஆகியவற்றின் இணைப்புகளையும் சேர்த்துக் கொண்டாலும், ஆறு குடும்பங்களுக்கு ஓர் இணைப்பு என்ற நிலையே உள்ளது.

கைபேசி இணையம் போதாதா?

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றுப்படி, 2017-18-இல் நாட்டில் 23.8 சதவீதக் குடும்பங்களுக்கே இணைய வசதி இருந்தது. கிராமப்புறங்களில் அது 14.9 சதவீதம் மட்டுமே. 2025-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நடத்தப்பட்ட தொலைத்தொடர்பு ஆய்வில், வீட்டிலேயே இணைய வசதி உள்ள குடும்பங்களின் விகிதம் 86.3 சதவீதமாகப் பதிவானது. இந்த வளர்ச்சிக்குப் பெரும் காரணம் கைபேசித் தரவின் விலைச் சரிவு. 2014-இல் ஒரு ஜிபி தரவுக்குச் சுமார் 269 ரூபாயாக இருந்த சராசரிக் கட்டணம், சுமார் 9 ரூபாயாகக் குறைந்துவிட்டதாக மத்திய அரசு தெரிவித்துள்ளது.

ஆனால் கைபேசி இணைப்பு ஒருவருக்கானது. வீட்டு இணைப்பு குடும்பத்துக்கானது. வீட்டில் ஒரே திறன்பேசி இருந்து, அதைச் சம்பாதிப்பவர் காலையில் எடுத்துச் சென்றுவிட்டால், பிள்ளைகளின் படிப்பும் முதியோரின் மருத்துவ ஆலோசனையும் மாலை வரை காத்திருக்க வேண்டியுள்ளது. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. தினசரி தரவு வரம்பு, வீட்டுக்குள் குறையும் சிக்னல் ஆகியவையும் வீட்டிலிருந்து பணிபுரிவோருக்குத் தடையாக உள்ளன.

எந்த வேகம் பிராட்பேண்ட்?

2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தைக் குறைந்தபட்ச அளவாக நிர்ணயித்தது. 2013-இல் அது 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. வேண்டுவோர் அனைவருக்கும் 2 மெகாபிட் என்ற இலக்கு 2012-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையிலேயே இடம்பெற்றிருந்தது. அதாவது, கொள்கையில் எழுதப்பட்ட வேகம் விதிமுறையாக மாறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2018-ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல் தொடர்புக் கொள்கை மேலும் உயர்ந்த இலக்குகளை வகுத்தது. 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட் வேக இணைப்பு, குடும்பங்களில் பாதிக்கு நிலைவழி பிராட்பேண்ட் வசதி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மேற்கண்ட இணைப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இரண்டாவது இலக்கு இன்னும் தொலைவில் இருப்பது தெளிவாகும்.

பாரத்நெட்: ஊராட்சி வரை வந்த இழை

கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டு சேர்க்கும் அரசின் முதன்மைத் திட்டம் பாரத்நெட். தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளை இரண்டு ஆண்டுகளில் இணைப்பதே தொடக்கத் திட்டம். 2015-இல் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்ட இத்திட்டத்தின் முதல் கட்டமான 1 லட்சம் ஊராட்சிகள் 2017 டிசம்பரில்தான் நிறைவடைந்தன. 2025 நிலவரப்படி சுமார் 2.14 லட்சம் ஊராட்சிகள் சேவைக்குத் தயார் நிலையில் உள்ளன. தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு, மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

சேவைக்குத் தயார் என்பதற்கு, ஊராட்சி அலுவலகம் வரை கேபிளும் கருவிகளும் வந்துவிட்டன என்பதே பொருள். அங்கிருந்து வீடுகளுக்குச் செல்லும் கடைசிக் கட்ட இணைப்பு தனி வேலை. மேலும், முதல் கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கேபிள் ஒற்றை வரிசையாகக் கொண்டு செல்லப்பட்டது. சாலைப் பணியின்போது ஓரிடத்தில் கேபிள் துண்டிக்கப்பட்டால், அதற்கு அப்பால் உள்ள ஊராட்சிகள் அனைத்தும் தொடர்பை இழந்தன.

இக்குறைகளைக் களைய, திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதற்கான ஒதுக்கீடு ரூ.1,39,579 கோடி. இதன்படி கேபிள்கள் வளைய வடிவில் அமைக்கப்படும். ஒரு பக்கம் துண்டிக்கப்பட்டாலும் மறுபக்கம் வழியாகச் சேவை தொடரும். ஐந்து ஆண்டுகளில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் வழங்குவது இலக்கு. பிஎஸ்என்எல் நிறுவனம் திட்டத்தைச் செயல்படுத்துகிறது. பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

நிதி எங்கிருந்து வருகிறது?

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை இதற்கெனச் செலுத்துகின்றன. 2002 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய சேவைக் கடமை நிதியத்தில் இத்தொகை சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அந்நிதியம் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாற்றம் பெற்றது. கிராமத்துக்கு இணையம் கொண்டு செல்லும் செலவில் ஒரு பங்கை, நகரத்துச் சந்தாதாரரும் தமது கட்டணத்தின் வழியாக ஏற்கிறார் என்பதே இதன் பொருள்.

கட்டணம் யாருக்கு மலிவு?

2019 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் மாதம் 699 ரூபாய் முதல் வீட்டு இணைப்பை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே 30 மெகாபிட் வேகத் திட்டம் 399 ரூபாய்க்கு வந்தது. போட்டி நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைத்தன. ஆயினும் தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 399 ரூபாய்த் திட்டத்துக்கு வரியுடன் சேர்த்துச் சுமார் 471 ரூபாய் செலுத்த வேண்டும்.

தொடக்கநிலை பிராட்பேண்ட் கட்டணம், தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையம் 2025-க்கு வகுத்த இலக்கு. இது நாட்டின் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு 471 ரூபாய் என்பது வருமானத்தில் 4.7 சதவீதம். சராசரியில் மலிவாகத் தெரியும் கட்டணம் ஏழைக் குடும்பத்துக்குச் சுமையாவது இவ்வாறுதான்.

இதைக் கருத்தில் கொண்டு, கிராமப்புறச் சந்தாதாரரின் மாதக் கட்டணத்தில் பாதியை, அதிகபட்சம் 200 ரூபாய் வரை, நேரடிப் பணப் பரிமாற்றம் மூலம் திருப்பி அளிக்கும் சோதனைத் திட்டத்தை டிராய் 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. முடிவெடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது.

மாநிலங்களின் முயற்சி

ஆந்திரப் பிரதேச அரசு, இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி ஆகிய மூன்றையும் மாதம் 149 ரூபாய்க்கு வழங்கும் கண்ணாடி இழைத் திட்டத்தை 2017 டிசம்பரில் தொடங்கியது. கேரள அரசின் கேஃபோன் திட்டம் 2023 ஜூனில் தொடங்கி வைக்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு அளிப்பது அதன் நோக்கம். மற்றவர்களுக்கான கட்டணம் 20 மெகாபிட் வேகத்துக்கு 299 ரூபாயில் தொடங்கியது.

பொது வைஃபை

வீட்டு இணைப்பு பெற இயலாதோருக்கு மாற்றாக, 2020 டிசம்பரில் பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ, உரிமமும் பதிவுக் கட்டணமும் இன்றி வைஃபை சேவை வழங்க இது வழிசெய்கிறது. ஆனால் இக்கடைகளிடம் விலை உயர்ந்த வணிக இணைப்புகளே வலியுறுத்தப்பட்டதால் திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை. 200 மெகாபிட் வரையிலான இணைப்புகளுக்கு, வீட்டுச் சந்தாதாரரிடம் பெறும் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இக்கடைகளிடம் வசூலிக்கக் கூடாது என டிராய் 2025 ஜூனில் உத்தரவிட்டது.

இலவசத்துக்கும் வரம்பு

சில இணையதளங்களை மட்டும் இலவசமாக வழங்கும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் பெரும் விவாதத்தை எழுப்பிய நிலையில், உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதை 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தடை செய்தது. ஏழைகளுக்குக் கிடைக்கும் இணையம் வெட்டிச் சுருக்கப்பட்ட இணையமாக இருக்கக் கூடாது என்பது இத்தடையை ஆதரித்தோரின் முக்கிய வாதம்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

கல்லூரி விடுதியில் கைபேசிப் பயன்பாட்டுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், இணையம் வழியான கருத்துரிமைக்கும் தொழில் உரிமைக்கும் அரசமைப்புப் பாதுகாப்பு உண்டு என உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், இணைய இணைப்பைப் பெறுவதே அடிப்படை உரிமையா என்பது குறித்து அவ்வழக்கில் அது கருத்துத் தெரிவிக்கவில்லை. 2025 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில், டிஜிட்டல் அணுகல் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சந்தாதாரர் கவனிக்க வேண்டியவை

விளம்பரத்தில் உள்ள கட்டணத்தில் வரி சேர்ந்துள்ளதா, மோடத்துக்கும் நிறுவலுக்கும் தனித் தொகை உண்டா, குறிப்பிட்ட அளவு தரவுக்குப் பின் வேகம் எவ்வளவாகக் குறையும், பல மாதங்களுக்கு முன்பணம் கட்ட வேண்டுமா ஆகியவற்றை இணைப்பு பெறும் முன் கேட்டறிவது அவசியம். சேவையில் குறை இருந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம்.

அடுத்த கட்டம்

2025 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தேசிய பிராட்பேண்ட் இயக்கம் 2.0 நடைமுறையில் உள்ளது. 2030-க்குள் 2.70 லட்சம் கிராமங்களுக்கு 95 சதவீத நேரம் தடையின்றி இயங்கும் கண்ணாடி இழை இணைப்பு, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் போன்ற நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கு பிராட்பேண்ட், குறைந்தபட்சம் 100 மெகாபிட் சராசரி வேகம் ஆகியவை அதன் இலக்குகள். இவற்றில் முதல் இலக்குக்கான தொடக்க நிலையைச் சுமார் 50,000 கிராமங்கள் என்றே இயக்கத்தின் இலக்குப் பட்டியல் குறிப்பிடுகிறது. எனவே, எத்தனை கிலோமீட்டர் கேபிள் பதிக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், எத்தனை வீடுகளில் இணைப்பு தொடர்ந்து இயங்குகிறது, அதற்கான மாதக் கட்டணத்தை எத்தனை குடும்பங்களால் செலுத்த முடிகிறது என்பவையே இத்திட்டங்களின் வெற்றியை அளக்கும் கணக்குகளாக அமையும்.