அனுபவ பாத்தியதை

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை நாம் பெரும்பாலும் அதன் நடைக்காகவும் கிண்டலுக்காகவுமே பாராட்டி வந்திருக்கிறோம். குறியீடு தேடிப் போனவர்கள் மரத்தில் ஏறி, காலம், இயற்கை, தேசம் என்று அவரவர் கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஊர் என்ற ஸ்தூலமான விஷயம் மட்டும் அடியிலேயே கிடக்கிறது. ஒரு எல்லைப்புற நகரம் மாறிய விதத்துக்கு இந்த நாவல் என்ன சாட்சியம் தருகிறது என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் சரித்திரம். நாவலின் ஊர் நாகர்கோவிலின் சாயலில் அமைந்தது. நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. தமிழ் பேசும் ஊர், மலையாள அரசு. 1947-ல் திவான் சி.பி. ராமசாமி அய்யர் திருவிதாங்கூரைத் தனி நாடாக வைத்துக்கொள்ளப் பார்த்துத் தோற்றார். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி போன்றவர்களின் தலைமையில், தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக இந்தப் பக்கம் வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

நாவலின் சில பகுதிகள் விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி'யில் வந்து, முழுமையான நூல் 1966-ல் வெளியாயிற்று. எல்லை மாறிப் பத்து வருஷம்கூடப் பூர்த்தியாகாத காலம். வேறு எவரும் இந்தச் சூழலில் நாவல் எழுதியிருந்தால் ஊர்வலமும் தடியடியும் தியாகமும் மையத்தில் நின்றிருக்கும். இங்கே மையத்தில் நிற்பது முச்சந்தியில் ஒரு மரம். இதை ஒரு விலகலாக, அரசியல் அலட்சியமாகப் பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் எந்த ராஜ்யத்துக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஊரில் இருப்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாவல் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கேள்வி கூடுதல் கொடூரமானது.

என் உத்தியோகத்தில் பத்திரங்கள் படிக்க வேண்டியிருக்கிறது. அடமானத்துக்கு வரும் தாய்ப்பத்திரங்களில் நான்கெல்லை சொல்லப்பட்டிருக்கும்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு. பிறகு 'மாவடை மரவடை' என்று தொடங்கி, மண்ணுக்குள் புதைந்திருக்கக்கூடிய நிதி நிட்சேபம் வரை சகலத்தையும் வாங்குகிறவருக்குப் பாத்தியப்படுத்தும் வாய்பாடு வரும். 'ஆண்டனுபவித்து' என்று முடியும். விமர்சனத்தில் நாம் ஓயாமல் புரட்டும் 'அனுபவம்' என்ற சொல்லுக்குப் பத்திரமொழியில் இதுதான் பொருள்: ஒன்றைக் கைவசம் வைத்துப் பயன்படுத்திவருதல். உரிமை வேறு, அனுபவம் வேறு. ஒன்று கச்சேரியில் பதிவாகிறது. மற்றது ஊர் வாயில் மட்டும் பதிவாகிறது. புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆனால் அதில் நிற்கும் மரத்தின் நிழலை அனுபவித்தவர்கள் உண்டு. இந்த அனுபவ பாத்தியதையின் சரித்திரமே 'ஒரு புளியமரத்தின் கதை'.

நாவலின் மூன்று அழிவுகளை இந்தக் கோணத்தில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். மரத்தைச் சுற்றியிருந்த குளம் மன்னரின் பயணத்தை முன்னிட்டுத் தூர்க்கப்படுகிறது. சுதந்திரத்துக்குப் பின் காற்றாடித் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகிறது. கடைசியில் புளியமரம். முதலாவதில் காரணம் ராஜாவின் மூக்கு. இரண்டாவதில் நவநாகரிகம் பற்றிய நகரத்தின் ஆசை. மூன்றாவதில் கடைவீதியின் போட்டியும் நகராட்சித் தேர்தலும். அப்துல் காதர், தாமு என்ற இரு வியாபாரிகளின் பகையில் மரம் ஒரு விவகாரமாகிறது. அதைப் பாதுகாக்கிறவர்களுக்கும் எதிர்க்கிறவர்களுக்கும் மரத்தோடு சம்பந்தம் கிடையாது. ராஜா ஆணையிட்டுப் பகிரங்கமாகச் செய்ததை ஜனநாயகம் ரகசியமாக விஷமூட்டிச் செய்கிறது. அதிகாரம் கைமாறும்தோறும் அழிப்பவரின் முகம் மங்கிக்கொண்டே போகிறது. முடிவில் குற்றவாளி ஒருவர் அகப்பட்டாலும் குற்றம் யாருடையது என்று சொல்ல முடிவதில்லை.

இதற்கு இணையாகப் பேச்சின் சரித்திரமும் நடக்கிறது. முற்பகுதியில் தாமோதர ஆசான் இளைஞர்களைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்கிறார். ஒருமுறை அவருடைய சமயோசிதம்தான் மரத்தைக் கோடரியிலிருந்து காப்பாற்றுகிறது. ஆசான் மறைந்த பின், அந்த இடத்துக்குப் பத்திரிகை நிருபர் இசக்கி வருகிறார். ஆசானும் புளுகுகிறார், இசக்கியும் புளுகுகிறார். ஆனால் ஆசானின் புளுகு கேட்பவர்களை ஒன்றாக உட்காரவைத்தது. இசக்கியின் செய்தி கட்சிகளாகப் பிரித்து நிறுத்துகிறது. நாவலின் உருவம் பிற்பாதியில் தளர்ந்துவிட்டது என்று சொல்லப்படுவதுண்டு. ஊரின் பேச்சு தளர்ந்ததைத்தான் உருவம் காட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கில இலக்கியம் படித்த நம்மில் பலருக்கு ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜின் மேயர்' (1886) நினைவுக்கு வரும். அங்கும் சந்தை நகரம், இரு வியாபாரிகள், பழைய முறையும் புதிய யந்திரமும். ஆனால் ஹார்டி வீழ்ச்சிக்குக் காரணத்தை ஹென்சார்டின் குணத்துக்குள் தேடுகிறார். அதனால் சோகம் மகத்துவம் பெறுகிறது. சுந்தர ராமசாமியிடம் எவருக்கும் அந்த மகத்துவம் இல்லை. அற்பர்களால் நடந்த பெரிய காரியம் என்பதே அவருடைய தரிசனம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நிழலை இழந்தோம் என்று ஏங்குவது சுலபம். அந்த நிழல் எல்லோருக்கும் இருந்ததா? நாகர்கோவிலுக்கு அருகே சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் சத்தியாகிரகம் செய்ய நேர்ந்தது. திருவிதாங்கூர்க் கோயில்கள் திறந்தது 1936-ல். ஆக, 'பொது' என்பது அந்த மண்ணில் புராதனமானது அல்ல. போராடிப் பெற்று முப்பது வருஷம்கூட ஆகாத சரக்கு. பெற்ற கையோடு அது கடைக்காரர்களிடம் போய்விட்டது என்பதுதான் நாவலுக்கு அடியில் ஓடும் கசப்பு. கிண்டலை மட்டும் ரசித்தவர்கள் இந்தக் கசப்பைத் தவறவிட்டார்கள்.

நான் இருக்கும் நாவலூர் எந்த ராஜ்யத்தின் எல்லையிலும் இல்லை. சென்னையின் எல்லையில் இருக்கிறது. அந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது ஊர் காஞ்சிபுரத்திலிருந்து கைமாறியது. யாரும் ஊர்வலம் போகவில்லை. மாமல்லபுரம் போகும் பழைய சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, சிறுசேரியில் சிப்காட் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இந்தப் பக்கம் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. புதிய பத்திரங்களில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று இத்தனை சதுர அடி வருகிறது. மாவடை மரவடை பல பத்திரங்களில் இன்னும் இருக்கிறது, மரம்தான் இல்லை. பெயர் சொல்வதை நம்பினால் ஊரே ஒரு நாவல் மரத்திலிருந்து வந்தது.

மரம் போய்ப் பெயர் நிற்பது சுந்தர ராமசாமியும் சொன்னதுதான். நாகர்கோவிலில் இன்றும் வேப்பமூடு சந்திப்பு என்கிறார்கள். 'மூடு' என்ற அந்த எல்லைத் தமிழ்ச் சொல் மரத்தடியைக் குறிப்பது. பெயர் ஒருவகை வில்லங்கச் சான்று: யாருக்கோ இங்கே பாத்தியதை இருந்தது என்று மட்டும் அது சொல்லும். யாருக்கு, என்ன, எப்படிப் போயிற்று என்று சொல்ல ஒரு ஆசானோ ஒரு நாவலாசிரியனோ வேண்டும். நாகர்கோவிலுக்குக் கிடைத்துவிட்டார். சென்னைக்குத் தெற்கே இந்தச் சாலையோரத்து ஊர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கவிதையிலும் விமர்சனத்திலும் அனுபவம், அனுபவம் என்று பேசும் நாம் அந்தச் சொல்லின் பத்திர அர்த்தத்தையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.