அலாய் வீலுக்கு வீட்டிலேயே பெயின்ட்: ஸ்ப்ரே கேனைக் குலுக்குறதுக்கு முன்னாடி வீலைத் திருப்பிப் பாருங்க!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்கு இந்த வலி தெரியும். பாடிக்கு பாலிஷ் போட்டாச்சு, சீட் கவர் மாத்தியாச்சு, ஆனா நாலு மூலையிலும் உட்கார்ந்து மானத்தை வாங்குவது அலாய் வீல்கள். பிளாட்பாரத்தில் உரசிய தழும்பு, சோப்பு போட்டாலும் போகாத பழுப்புக் கறை, மேல் கோட்டிங் உரிஞ்ச இடத்தில் வெள்ளை வெள்ளையா பூத்த உப்பு... ஈ.சி.ஆர் பக்கமோ தூத்துக்குடியிலோ கடற்காத்துல நிக்கிற வண்டின்னா கேட்கவே வேணாம்.

புதுசா ஒரு செட் வாங்கப் போனால், சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் சொல்லும் விலைக்கு இன்னும் ரெண்டு இ.எம்.ஐ சேர்க்கணும். அதனால்தான் 'வீட்டிலேயே அலாய் வீல் பெயின்ட்' வீடியோக்கள் இவ்வளவு ஓடுது. வேலை ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. பொறுமையும் ரெண்டு வார இறுதியும் இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால், அந்த வீடியோக்களில் பெரும்பாலும் முதல் 10 நொடியில் தாண்டிப் போய்விடும் ஒரு கட்டம் இருக்கு. இந்தக் கட்டுரையில் பாதி இடத்தை அதுக்குத்தான் ஒதுக்கப்போறோம்.

வெறும் தழும்பா... விரிசலா?

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 சதவிகிதம் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் கலந்து வார்க்கப்பட்ட ஒரு உலோக வார்ப்பு. இரும்பு ரிம் பள்ளத்தில் விழுந்தால் வளையும், தட்டி நிமிர்த்திக்கலாம். அலாய் ஓரளவுக்கு வளையும், அதுக்கு மேல் போனால் விரிசல் விடும். சிக்கல் என்னன்னா, விரிசல் பெரும்பாலும் நம்ம கண்ணில் படும் முகப்பில் வராது. வீலோட உள்பக்க விளிம்பில், அதாவது காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் பக்கத்தில் வரும். முகப்பை மட்டும் தேய்ச்சு கன்மெட்டல் கிரே அடிச்சு, இன்ஸ்டாவில் போட்டோவும் போட்டுட்டு, பின்னாடி விரிசலோடு பைபாஸில் 100-ல் போறவங்க இருக்காங்க.

அதனால் முதல் வேலை, வீலைக் கழற்றி, திருப்பிப் போட்டு, உள்பக்கத்தை நன்றாகக் கழுவுவது. சேறும் பிரேக் தூசியும் போன பிறகு மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள் விளிம்பைச் சுத்திப் பாருங்க. நட்டு போடும் ஓட்டைகளைச் சுத்தியும், ஸ்போக் நடுப்பகுதியோடு சேரும் இடத்தையும் தனியாகப் பார்க்கணும். தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சு, அது நகத்தில் தட்டுப்பட்டால், அங்கேயே நிறுத்திடுங்க.

வாரா வாரம் ஒரே டயரில் மட்டும் காத்து இறங்குதா? பஞ்சர் கடையில் 'பஞ்சரே இல்லையே' என்கிறாங்களா? டயர் ரிம்மோடு ஒட்டும் இடத்தில் அரிப்பு இருக்கலாம், அல்லது ரிம்மிலேயே விரிசல் இருக்கலாம். சோப்புத் தண்ணியை ரிம்மின் ரெண்டு பக்கமும் ஊத்தினால் குமிழ் எங்கிருந்து வருதுன்னு காட்டிக்கொடுத்துவிடும். டயர் விளிம்பில் வந்தால் அரிப்பு. உலோகத்தின் நடுவில் வந்தால் விரிசல். சந்தேகம் தீரலைன்னா, வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே இருக்கு. சிவப்புத் திரவத்தைத் தடவி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால், விரிசலில் ஒளிந்திருக்கும் சிவப்பு கோடாக வெளியே கசியும்.

வளைவு இருக்கான்னு தெரிய, வீல் பாலன்சிங் மெஷினில் போட்டுச் சுத்தச் சொன்னாலே போதும். ரிம் ஆடினால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

விரிசலை வெல்டு வைக்கலாமா, வளைவை கேஸ் டார்ச்சில் சூடு காட்டி சுத்தியலால் தட்டலாமா என்றால், நம்ம பதில் வேண்டாம் என்பதுதான். இந்த வகை வீல்களை வார்த்த பிறகு சுமார் 540 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்துத்தான் அந்த பலத்தைக் கொண்டுவருகிறார்கள். நெருப்பை நேரடியாகக் காட்டினால் அந்த இடத்தில் உலோகம் இளகி, பலம் குறைந்துவிடும். வெளியே பெயின்ட் அடித்தால் எதுவும் தெரியாது. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய அலாய் செட் வாங்குபவர்களும் இதைக் கவனிக்கணும். முகப்பு மட்டும் புதுசா மின்னி, உள்பக்கத்திலும் சந்தேகப்படும்படி புது பெயின்ட் இருந்தால், எதுக்காக அடிச்சாங்கன்னு கேட்கிறதில் தப்பே இல்லை.

டைமண்ட் கட் வீல் வெச்சிருக்கீங்களா?

இப்போ வரும் டாப் வேரியன்ட் கார்களில் கறுப்பும் வெள்ளியுமாக ரெண்டு கலரில் மின்னும் வீல்கள் இருக்கே, அதோட வெள்ளிப் பகுதி பெயின்ட்டே இல்லை. லேத் மெஷினில் மெல்லிசாகச் சீவிய வெறும் அலுமினியம், அதுக்கு மேல் கிளியர் கோட், அவ்வளவுதான். எமரி பேப்பரால் அந்த ஃபினிஷ் வரவே வராது. ஸ்பெஷலிஸ்ட் கடையில் மறுபடி சீவலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் குறையும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. வீட்டில் செய்தே தீரணும்னா, முழு வீலையும் ஒரே கலருக்கு மாத்துவதுதான் வழி. நல்லாவே இருக்கும்.

கழற்றுவது, கழுவுவது

நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்க. ஹேண்ட் பிரேக், எதிர் சக்கரத்துக்குக் கல் ரெண்டும் கட்டாயம். பெயின்ட் காய நாள் கணக்கில் ஆகும் என்பதால் வண்டியை ஜாக்கியிலேயே நிறுத்தி வைக்கக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீலாகச் செய்வது நல்லது; வண்டியும் ஓடும். உங்க ஸ்டெப்னி மெலிசான ஸ்பேஸ் சேவர் வகைன்னா 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாம, அவசரத்துக்கு மட்டும் எடுங்க.

அந்தப் பழுப்புக் கறை வெறும் அழுக்கு இல்லை. பிரேக் போடும்போது சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள்கள் பெயின்ட்டுக்குள் புதைந்து துருப்பிடித்ததுதான் அது. இதுக்குன்னே அயர்ன் ரிமூவர் என்று விற்கிறார்கள். அடித்தவுடன் ஊதா நிறமாக வடியும், நாத்தம் குடலைப் பிடுங்கும், ஆனா வேலை செய்யும். பாத்ரூம் டைல்ஸ் ஆசிட்டை மட்டும் ஊத்திடாதீங்க. உரிஞ்ச இடத்தில் அது அலுமினியத்தையே அரிக்கும். கழுவிக் காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பழைய பாலன்சிங் ஈய வில்லைகள், சென்டர் கேப், வால்வு மூடி எல்லாத்தையும் எடுத்துடுங்க.

எமரி பேப்பர், பட்டி, மறுபடி எமரி பேப்பர்

ரிசல்ட்டைத் தீர்மானிக்கிற கட்டம் இதுதான். பெயின்ட் மெல்லிசான விஷயம். அடியில் இருக்கும் கீறலை அது மறைக்காது. பளபளப்பில் இன்னும் எடுப்பாகத்தான் காட்டும்.

உரசல் தழும்பின் கூரான ஓரங்களை 80 அல்லது 120-ம் நம்பர் எமரி பேப்பரால் மழுக்குங்க. வெள்ளையாகப் பூத்த இடங்களில் பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் போகும். அந்தக் கோடு முடியும் இடம்வரை சுரண்டி, வெறும் உலோகம் தெரியணும். மேலோட்டமா விட்டால், அடுத்த மழைக்காலத்தில் உங்க புது பெயின்ட்டைத் தூக்கிக்கிட்டு அதே புழு திரும்ப வரும்.

தேய்த்துச் சரியாகாத ஆழமான கீறலுக்கு டிங்கரிங் பட்டறையில் பயன்படுத்தும் இரண்டு பாக பட்டி. கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்க. விளிம்பில் தழும்பை நிரப்ப மட்டும்தான் பட்டி. உடைந்துபோன துண்டுக்குப் பதிலாகப் பட்டியால் கட்டுவது ஏமாற்று வேலை. காய்ந்ததும் 180, 240, 320 என ஏறி, கடைசியாக 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் முழு வீலையும், பழைய பெயின்ட் நல்லா இருக்கும் இடங்களையும் சேர்த்து, மங்கலாக்குங்க. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்க. உங்க கண்ணை விட விரல் நேர்மையானது.

டயரைக் கழற்றணுமா? கட்டாயம் இல்லை. காத்தைப் பாதி இறக்கிவிட்டு, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் பழைய விசிட்டிங் கார்டு அல்லது சீட்டுக்கட்டுகளைச் சுத்திச் சொருகினால் கச்சிதமான மறைப்பு ரெடி. ஆனா, டயர் மாத்தும் நேரம் நெருங்கிடுச்சுன்னா அதுவரை பொறுங்க. டயர் இல்லாத ரிம்மில் வேலை பாதியாகும், காத்து இறங்கும் அரிப்பையும் அப்போதே சுத்தம் பண்ணிடலாம்.

பெயின்ட் படவே கூடாத இடங்கள் மூணு. வீல் பின்னாடி ஹப்பில் போய் உட்காரும் தட்டையான பகுதி, நட்டு அமரும் குழிகள், டயர் ஒட்டும் உள்விளிம்பு. முதல் ரெண்டு இடத்தில் பெயின்ட் இருந்தால், ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி நட்டின் இறுக்கம் குறையும். மாஸ்கிங் டேப் ஒட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடிக்கலாமா?

அலுமினியத்தைத் தேய்த்த உடனே காற்றுப் பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். சாதாரண பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது. வெறும் உலோகம் தெரியும் இடத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் வேணும்; பட்டி போட்ட இடம் நிறைய இருந்தால் எபாக்ஸி நல்லது. தேய்த்த அன்றைக்கே அடிச்சுடுங்க.

கேனை ரெண்டு நிமிடம் குலுக்கி, முதலில் அட்டையில் அடித்துப் பார்த்து, 20-25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து கையை நிறுத்தாமல் வீசுங்க. முதல் கோட் பனி மாதிரி அரைகுறையாகத்தான் தெரியணும். 10-15 நிமிடம் விட்டு அடுத்தது. பிரைமர் 2, கலர் 3, கிளியர் 3 என்பது பாதுகாப்பான கணக்கு. எல்லாம் ஒரே கோட்டில் முடிக்க நினைத்தால் பெயின்ட் கண்ணீர் மாதிரி வழியும். ஸ்போக்கின் பக்கவாட்டுகளை முதலில் அடித்துவிட்டு முகப்புக்கு வருவது நல்ல பழக்கம். பழைய பெயின்ட் மேல் அடிக்கும்போது சுருங்குதான்னு பின்பக்கத்தில் ஓரமாக ஒரு சோதனை பண்ணிக்கோங்க.

கலர் உங்க இஷ்டம். இந்தக் கட்டுரையாளரின் ஓட்டு சில்வருக்கோ கன்மெட்டலுக்கோதான். கிளாஸ் பிளாக் முதல் நாள் மாஸ், மூணாவது நாள் நம்ம ஊர் தூசியில் சாம்பல். முடிவெடுக்க முடியலைன்னா, பிடிக்காதபோது உரிச்செடுக்கக்கூடிய ரப்பர் கோட்டிங்கும் கிடைக்குது.

நாள் பார்க்கணும், பஞ்சாங்கத்தில் இல்லை, வானிலையில். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காத்தில் கிளியர் கோட் பால் மாதிரி வெளுத்துப்போகும். சித்திரை மத்தியான வெயிலில் பெயின்ட் வீலில் படுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். மாசி, பங்குனி காலையில், பனி விலகிய பிறகு, காத்து கிளம்புவதற்கு முன் அடிப்பது நம்ம ஊருக்குச் சரி. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரே துகள் காத்தில் பல அடி போகும். பக்கத்து ஃப்ளாட் அங்கிளின் வெள்ளை கார் நாளைக்குப் புள்ளி வைத்திருக்கும்.

மூடிய அறையிலும் அடிக்கக் கூடாது. பக்கத்தில் விளக்கு, அடுப்பு, கொசுவத்தி எதுவும் இருக்கக் கூடாது. கேனில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் வாயு. '2கே கிளியர்' என்று ஹார்டனர் கலந்து வரும் வகை பெட்ரோலையும் கெமிக்கலையும் நன்றாகத் தாங்கும். ஆனால், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கோவிட் காலத்து மாஸ்க் இதுக்குப் பத்தாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் இல்லைன்னா சாதாரண கிளியரோடு நிறுத்திக்கோங்க. உங்க வீட்டில் ஏற்கெனவே வீசிங் இருப்பவர் இருந்தால் 2கே பக்கமே போக வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது

டேப்பை பெயின்ட் முழுசா இறுகுவதற்கு முன்பே மெதுவாக உரிச்சுடுங்க. வீலை ஒரு நாளாவது தொடாமல் விடணும். முழுசா இறுக ஒரு வாரம் ஆகும். ஈய வில்லைகளை எடுத்திருப்பதால் பாலன்சிங் கட்டாயம். அதுக்குப் புதுசா ஒட்டும் வகை வில்லை போடச் சொல்லுங்க. விளிம்பில் அடிச்சு மாட்டும் வகை உங்க உழைப்பைக் கீறிடும்.

நட்டுகளை வட்டமாக இல்லாமல், எதிரெதிராக இறுக்குங்க. இறுக்கம் எவ்வளவு என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்பதை விட டோர்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடையில் ஒரு தடவை வைப்பது நல்லது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்கணும். ரெண்டு மூணு வாரத்துக்கு அயர்ன் ரிமூவரும் ஹை-பிரஷர் வாஷும் வேணாம், வெறும் ஷாம்பு போதும். மீதமிருக்கும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காத்து வரும்வரை அடிச்சு மூடி வைங்க. நாஸில் அடைக்காது; அடுத்த உரசலுக்கு டச்-அப் பண்ண உதவும்.