ரந்தாவ் தோட்டங்களும் மாநிலத்தின் நில ஆட்சியும்

நெகிரி செம்பிலானின் சிரம்பான் மாவட்டத்தில் உள்ள சிறு நகர் ரந்தாவ். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் முதலில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் செழித்தன. தமிழர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். அந்நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என வகுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை ஆராயாமல் அவர்தம் வரலாறு முழுமை பெறாது.

நிலத்திற்கு வேலியிடும் சட்டம் அம்மாநிலத்திற்குப் புதிதன்று. 1909ஆம் ஆண்டின் வழக்காற்று நிலச் சட்டம், தாய்வழியாக வரும் மலாய்க் குடும்ப நிலங்கள் குலத்தை விட்டு நீங்காதவாறு காத்தது. இரப்பர் விலையேற்றத்தால் குடியானவர் நிலம் கைமாறத் தொடங்கவே, 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பிறந்தது. இவ்வாறு குடியானவர் நிலம் சட்டத்தில் காப்புப் பெற்றது. தோட்ட முதலாளிக்கும் பட்டா இருந்தது. தொழிலாளிக்கோ லயத்து வீடு வேலையுள்ள வரையே சொந்தம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைய வழி செய்தது. எனினும் பள்ளி நின்ற மண் தோட்டத்தாருடையதே.

1957இல் வகுத்த அரசியலமைப்பு நிலத்தை மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்தது. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூவகையாகப் பிரித்தது. வேளாண் நிலத்தில் மனை எழுப்புவதாயின் மாநில அரசு வகையை மாற்றித் தருதல் வேண்டும். அதற்குக் கட்டணமும் பெறலாம். ஆகவே நில வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கையே அதனால் வருவாய் பெறும் கையுமாயிற்று.

இதற்கு முன்பே, 1950களில், பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்கும் வழக்கம் பெருகிற்று. பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குதல் அதன் நோக்கம். பின்னர் நிலச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 214ஏ பிரிவின்படி, 40 எக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் முன்னொப்புதல் வேண்டும். விற்பனைக்குத் தடை பிறந்தது. குடியிருப்போர்க்கு உரிமை பிறக்கவில்லை.

இன்று சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவிய 'மலேசிய விஷன் வேலி' திட்டம் தோட்டப் பகுதிகளை நகரமாக்க முனைகிறது. இந்நிலையில் 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் கருதத்தக்கது. மாநில அமைப்புத் திட்டமும் வட்டாரத் திட்டமும் வரைவு நிலையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற வேண்டும் என்றும், குறித்த காலத்திற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றும் அது கூறுகிறது. இதற்குப் பட்டா வேண்டுவதில்லை. வரைபடத்தைப் படித்தறியும் கண் வேண்டும். பள்ளியும் கோயிலும் இடுகாடும் அவ்வரைபடத்தில் இடம்பெற்றுள்ளனவா என்று காலத்தே நோக்குதல் கற்றோர் கடன். ஒரு நூற்றாண்டு உழைப்புக்குச் சட்டம் திறந்து வைத்துள்ள வாயில் இது. அதுவும் குறித்த நாளில் அடைபடும்.