கணக்கில் பிறக்கும் இயந்திரம்

ஓர் இயந்திரத்தை வார்த்து எடுப்பதற்கு முன்னரே அதன் ஆற்றலைக் கணக்கிட்டு அறிய இயலுமா? இவ்வினா கணிப்பொறிக் காலத்தில் எழுந்ததன்று. ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் ருடால்ப் டீசல், 1893-ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை காண முற்பட்டார்.

அவ்வாண்டு அவர் வெளியிட்ட நூல் விளக்கிய இயந்திரம் அன்று உலகில் எங்கும் இல்லை. தாளில் மட்டுமே இருந்தது. காற்றை 250 வளிமண்டல அழுத்தத்திற்கு நெருக்கினால், எரிபொருள் தரும் வெப்பத்தில் எழுபது விழுக்காட்டிற்கும் மேல் வேலையாக மாற்றலாம் என வெப்பவியல் விதிகளைக் கொண்டு அவர் கணித்தார். அக்காலத்து நீராவி இயந்திரங்களிற் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது.

விதிகள் பிழையானவை அல்ல. ஆனால், அவ்வளவு அழுத்தத்திற்குக் காற்றை நெருக்கவே இயந்திரம் ஈட்டிய வேலையிற் பெரும்பகுதி செலவாகும். எஞ்சியதை உறுப்புகளின் உராய்வு விழுங்கிவிடும். இதனை உணர்ந்த டீசல் அழுத்தத்தைப் பெரிதும் குறைத்தார். 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதற் சோதனையில், ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தத்தில் அளவுகருவியே வெடித்துச் சிதறியது. பல திருத்தங்களுக்குப் பின், 1897-இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து கண்ட திறன் 26.2 விழுக்காடு. கணக்கிட்டதினும் மிகக் குறைவே. எனினும் அன்றைய இயந்திரங்களை விஞ்சியது.

மோட்டார் வண்டி இயந்திரத்திலோ சிக்கல் இன்னும் நுண்மையானது. புகை வெளியேறும் வால்வு திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய் வழியே விரைகிறது. குழாயின் திறந்த முனையை அடைந்ததும், அது அழுத்தம் குன்றிய அலையாக மாறித் திரும்புகிறது. காற்று நுழையும் வால்வு திறக்கும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே ஈர்த்துப் புதுக்காற்றுக்கு வழிவிடும். காலந்தவறி வந்தால் இயந்திரம் வலுவிழக்கும். சுழலும் வேகம் மாறினால் இப்பொருத்தமும் மாறும்.

இத்தகைய அலைகளுக்குரிய கணித அடிப்படையை ரீமான் 1860-லேயே வகுத்திருந்தார். ஆயினும் அதனைக் கையால் வரைந்து கணிப்பது பெரும் உழைப்பு. 1964-இல் ரோலண்ட் பென்சனும் உடன் பணியாற்றியோரும் அதனைக் கணிப்பொறிக்கு ஏற்ற முறையாக்கினர். பெல்பாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கோர்டன் பிளேர், இத்துறையைப் பல ஆண்டுகள் வளர்த்தார்.

அதன் பயன் இன்று சிறு பட்டறைக்கும் கிட்டியுள்ளது. சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் செல்லும் தொலைவு, நெருக்க விகிதம், வால்வுகள் திறந்து மூடும் நேரம், குழாய்களின் நீளம் ஆகியவற்றை மென்பொருளில் இட்டால், ஒவ்வொரு வேகத்திலும் கிடைக்கக்கூடிய ஆற்றல் திரையில் வரைகோடாய்த் தோன்றுகிறது. பந்தயத் திடலின் வேகத்திற்கு ஏற்ற கேம் தண்டு, நகர வீதியில் மெல்லச் செல்லும் வண்டியைத் தளர்த்திவிடும் என்பதைப் பணம் செலவிடும் முன்பே அறியலாம்.

ஆனால், வால்வின் வழியே எவ்வளவு காற்றுப் பாயும் என்பதை அளந்து இடாமல் ஊகித்து இட்டால், விடையும் ஊகமே. அழகிய வரைகோடு அக்குறையை மறைத்துவிடவும் கூடும். ஆதலின் திரையில் திட்டமிட்ட இயந்திரத்தையும் ஆற்றல் அளக்கும் மேடையில் ஏற்றிச் சோதித்தல் இன்றியமையாதது. டீசலுக்கு ஆக்ஸ்பர்க் கற்பித்த பாடம் இதுவே: கணக்கு வழிகாட்டும், தீர்ப்பு வழங்குவது அளவை.