நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தல், 1968

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1968 மார்ச் 12 அன்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சன் 27,520 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து நின்ற மினசோட்டா மாநில செனட்டர் யூஜின் மெக்கார்த்திக்கு 23,263 வாக்குகள் விழுந்தன. பதிவான 55,464 வாக்குகளில் முன்னவருக்கு 49.6 சதவீதம், பின்னவருக்கு 41.9 சதவீதம். வித்தியாசம் 4,257. எண்களின்படி வென்றவர் ஜான்சன். ஆனாலும் அந்த இரவிலிருந்து இன்றுவரை இந்தத் தேர்தல் ஜான்சனின் தோல்வியாகவே நினைவுகூரப்படுகிறது. வியட்நாம் போருக்கு எதிராக மக்கள் வாக்களித்தார்கள், அதனால் ஓர் அதிபர் பதவியை விட்டு விலகினார் என்பது அதன் வழக்கமான சுருக்கம். முடிவுகளை ஊன்றிப் படித்தால் இந்தச் சுருக்கம் பாதிதான் நிற்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் விழுந்தது அமைதிக்கான வாக்கு என்பதைவிட, அதிபர்மீது பல திசைகளிலிருந்து எழுந்த அதிருப்தியின் வாக்கு. அதற்கு ஒரு வெற்றியின் கனத்தைக் கொடுத்தவை வாக்கு எண்ணிக்கை அல்ல, தேர்தல் விதிகளும் முன்கூட்டியே பரவியிருந்த எதிர்பார்ப்பும்தான்.

அமெரிக்கக் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரை தேசிய மாநாட்டில், மாநிலங்களிலிருந்து வரும் பேராளர்களின் வாக்கால் முடிவு செய்கின்றன. அந்தப் பேராளர்களைக் கட்சித் தலைவர்கள் நியமிக்காமல் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடுதான் முதனிலைத் தேர்தல். நியூ ஹாம்ப்ஷயர் இதற்கான சட்டத்தை 1913-ல் இயற்றி, முதல் தேர்தலை 1916-ல் நடத்தியது. 1920 முதல் நாட்டிலேயே முந்தி நடக்கும் முதனிலைத் தேர்தல் அதனுடையது. மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அங்கே ஊர்க்கூட்ட நாள். எப்படியும் மக்கள் கூடும் நாளிலேயே வாக்கெடுப்பையும் வைத்துக்கொண்டார்கள். முதலில் வாக்குச்சீட்டில் பேராளர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. மாநிலச் சட்டமன்ற அவைத்தலைவராக இருந்த ரிச்சர்ட் அப்டனின் முயற்சியால் 1949-ல் சட்டம் மாறியது. யாரை அதிபர் வேட்பாளராக விரும்புகிறோம் என்பதையும் வாக்காளர்கள் நேரடியாகக் குறிக்கலாம் என்றானது. விருப்ப வாக்கு ஒன்று, பேராளர் தேர்வு மற்றொன்று. இரண்டும் ஒரே நாளில் நடந்தாலும் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தாதவை. 1968 முடிவைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினையை மனதில் வைத்திருப்பது அவசியம். புதிய முறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்த 1952-லேயே அதிபர் ஹாரி ட்ரூமன், டென்னசி செனட்டர் எஸ்டஸ் கெஃபாவரிடம் ஏறக்குறைய 44-க்கு 55 சதவீதம் என்று தோற்றார். மார்ச் 29 அன்று, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த முன்னுதாரணம் 1968-ல் எல்லோர் நினைவிலும் இருந்தது.

ஜான்சனுக்கு எதிராக யாரையாவது நிறுத்த வேண்டும் என்று 1967 முழுவதும் அலைந்தவர் ஆலர்ட் லோவன்ஸ்டைன் என்ற செயல்வீரர். நியூயார்க் செனட்டர் ராபர்ட் கென்னடியிடம் கேட்டார், அவர் மறுத்தார். மெக்கார்த்தி இசைந்து, நவம்பர் 30 அன்று தன் போட்டியை அறிவித்தார். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்து வீடு வீடாகப் போனார்கள். ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகத் தாடியை மழித்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு போனார்கள். ஜான்சன் தரப்பு வேறு வழியில் சென்றது. அதிபர் தான் வேட்பாளர் என்று அறிவிக்கவே இல்லை. அவர் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாகவில்லை. மாநில ஆளுநர் ஜான் கிங்கும் செனட்டர் தாமஸ் மெக்கின்டயரும் முன்னின்று, ஜான்சன் பெயரை வாக்காளர்களே சீட்டில் எழுதிப் போட வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். எண்ணிட்ட உறுதிமொழி அட்டைகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அட்டையின் ஒரு பகுதி வெள்ளை மாளிகைக்குப் போகும் என்றும் சொன்னார்கள். ரகசிய வாக்குரிமையில் கை வைக்கிறார்கள் என்று மெக்கார்த்தி தரப்பு இதைக் கடுமையாகச் சாடியது. சாடியதில் நியாயம் இருந்தது. கிராமத்து வாக்காளர் ஒருவரிடம், உன் ஆதரவு எண்ணிட்ட அட்டையில் தலைநகருக்குப் போகிறது என்று சொல்வது வேண்டுகோள் ஆகாது.

இதற்கிடையே ஜனவரி கடைசியில் வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதல் வெடித்தது. போர் முடிவை நெருங்குகிறது என்று அரசு சொல்லிவந்ததை அமெரிக்கர்கள் நம்ப முடியாமல் போனது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, மேலும் 2,06,000 படையினரைத் தளபதிகள் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தியை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. குடியரசுக் கட்சிப் பக்கத்தில் மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி பிப்ரவரி 28 அன்றே விலகிவிட்டதால், ரிச்சர்ட் நிக்சனுக்கு அங்கே அச்சடித்த எதிராளி என்று சொல்லத்தக்கவர் இல்லை. கட்சிப் பதிவு இல்லாத வாக்காளர்கள் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம் என்பது அந்த மாநில விதி. பரபரப்பெல்லாம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் திரும்பியபோது அவர்களில் ஒரு பகுதியினரும் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று கொள்ள இடமுண்டு.

இந்தப் பின்னணியில் எண்களைப் பார்ப்போம். 1964-ல் இதே மாநிலத்தில் இதே முறையில், பெயரை எழுதிப் போட்ட வாக்குகளாலேயே ஜான்சன் 29,317 வாக்குகள் பெற்றிருந்தார். அன்று அவரை எதிர்க்க யாரும் இல்லை. மொத்த வாக்கே முப்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. நான்கு ஆண்டு கழித்து, டெட் தாக்குதலுக்குப் பிறகும் அவருக்குக் குறைந்தது 1,800-க்கும் கீழேதான். அதாவது ஜான்சனின் அடித்தளம் சரிந்து மெக்கார்த்தியிடம் போய்ச் சேரவில்லை. 1964-ல் வராத சுமார் 25,000 வாக்குகள் 1968-ல் புதிதாக வந்து, பெரும்பகுதி மெக்கார்த்தியிடம் சேர்ந்தன. தனித்தனி வாக்காளர்கள் பக்கம் மாறியிருக்கலாம், வராமல் இருந்திருக்கலாம். மொத்தக் கணக்கு அதையெல்லாம் காட்டாது. ஆனால் ஒரு தலைவரைச் சொந்த ஆதரவாளர்களே கூட்டமாகக் கைவிட்டார்கள் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள் என்பதே பொருத்தம்.

அப்படி வந்தவர்கள் போரை நிறுத்தச் சொல்லி வந்தார்களா? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிலிப் கான்வெர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் கணக்கெடுப்பின் அடிப்படையில் 1969-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு எதிர்பாராத பதிலைத் தருகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களுள், ஜான்சன் போரை இன்னும் கடுமையாக நடத்த வேண்டும் என்று நினைத்தவர்களே, விலக வேண்டும் என்று நினைத்தவர்களைவிட அதிகம். ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில். போரில் முழு மூச்சாக இறங்காததற்காகக் கோபப்பட்டவர், போரைத் தொடங்கியதற்காகக் கோபப்பட்டவர், வரிக்காகவும் விலைவாசிக்காகவும் கோபப்பட்டவர் எல்லோருக்கும் சீட்டில் கிடைத்த, சொல்லத்தக்க ஒரே அச்சடித்த மாற்றுப் பெயர் மெக்கார்த்தி. கோபத்துக்கு ஒரு பெயர் போதுமாக இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெக்கார்த்தி பேசியதெல்லாம் போரைப் பற்றித்தான். அவருக்காக உழைத்த மாணவர்கள் போருக்கு எதிரானவர்கள். அவருக்கு வாக்களித்தால் வட வியட்நாமின் தலைநகரான ஹனோய்தான் மகிழும் என்று ஜான்சன் தரப்பே விளம்பரம் செய்தது. இத்தனைக்குப் பிறகும் வாக்காளருக்கு அவருடைய நிலை தெரியாது என்று சொல்ல முடியுமா? மறுப்பில் உண்மை இருக்கிறது. அந்த மாணவர்கள் இல்லாமல் அந்த 25,000 பேரில் பலர் வாக்குச்சாவடிக்கு வந்திருக்கவே மாட்டார்கள். போர் எதிர்ப்பு இயக்கம்தான் கதவைத் தட்டியது. ஆனால் கதவைத் தட்டியவரின் கருத்தும் கதவைத் திறந்தவரின் கருத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் கொள்கைப் பிரசங்கத்தைவிட வேட்பாளரின் நேர்மையையே முன்வைத்துப் பேசினார்கள், மெக்கார்த்தியும் குரலை உயர்த்தாத மனிதர். இயக்கத்தின் நோக்கத்தை வாக்கின் பொருளாக எழுதிவிடுவது, உழைத்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கலாம். வாக்களித்தவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

அடுத்த கேள்வி, 41.9 சதவீதம் எப்படி வெற்றி ஆனது என்பது. தொடக்கத்தில் மெக்கார்த்திக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம் கிடைத்தால் பெரிது என்று கணிப்புகள் சொல்லின. ஆளுநர் கிங் அதைவிடக் குறைத்துச் சொன்னார். எதிராளியைச் சிறுமைப்படுத்தச் சொன்ன அந்த எண்கள், எதிராளி தாண்டவேண்டிய கோலைத் தரையோடு தரையாக வைத்துவிட்டன. ஜான்சன் தரப்பு செய்த மிகப் பெரிய பிழை எழுதிப் போடும் இயக்கமோ உறுதிமொழி அட்டையோ அல்ல, இந்தக் கணிப்புதான். அச்சில் இல்லாத பெயரை ஏறக்குறைய பாதிப் பேர் கைப்பட எழுதினார்கள் என்பது சாதாரணச் சாதனை இல்லை என்று ஜான்சன் ஆதரவாளர்கள் வாதிடலாம். வாதம் சரிதான். இதே மாநிலத்தில் 1964-ல் சைகோனில் தூதராக இருந்த ஹென்றி கேபட் லாட்ஜ், ஊருக்கு வராமலே எழுதிப் போட்ட வாக்குகளால் குடியரசுக் கட்சித் தேர்தலை வென்றிருக்கிறார் என்றாலும், அந்தக் கூடுதல் வேலை வாக்கைக் குறைக்கவே செய்யும். ஆனால் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதும் பத்திரிகைகளிடம் இந்த வாதம் எடுபடவில்லை. குடியரசுக் கட்சிச் சீட்டிலும் மெக்கார்த்தியின் பெயரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். இரு சீட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஜான்சனின் முன்னிலை சில நூறு வாக்குகளாகச் சுருங்கியது. அந்தக் கூட்டலுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. செய்தியில் மதிப்பு இருந்தது.

பேராளர் கணக்கில் ஜான்சன் உண்மையாகவே தோற்றார். மாநிலத்துக்கு இருந்த 24 இடங்களில் 20 மெக்கார்த்திக்குப் போயின. காரணம் மக்களின் மனமாற்றம் அல்ல, கட்டுப்பாடின்மை. மெக்கார்த்தி தரப்பு இருந்த இடங்களுக்கு அளவாக ஆட்களை நிறுத்தியது. ஜான்சன் தரப்பில் மாநாட்டுக்குப் போக ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் நின்றார்கள். யாரையும் விலகச் சொல்ல ஆளில்லை. வாக்கு சிதறியது. குறைந்த வாக்கு பெற்றவருக்கு ஆறில் ஐந்து பங்கு இடம் கிடைத்ததை, மக்கள் தீர்ப்பின் இன்னொரு சான்றாகச் சில நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. அது தவறு. அது அமைப்புப் பணியின் சான்று.

இந்த முடிவுதான் ஜான்சனை விரட்டியதா? மார்ச் 16 அன்று ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கினார். மார்ச் 31 இரவு, தொலைக்காட்சி உரையின் கடைசியில், தன் கட்சியின் வேட்பாளராக நிற்கப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். தேதிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் காரணத் தொடர் தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் ஜான்சனின் உடல்நிலை நெடுநாளாகக் கவலை தந்தது. 1968 ஜனவரி உரையிலேயே விலகலை அறிவிக்க அவர் எண்ணியிருந்தார் என்பதற்கு அவருக்கு நெருங்கியவர்களின் சாட்சியம் உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் அவர் கூட்டிய மூத்த ஆலோசகர்களே போரில் மேலும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 2 அன்று நடக்கவிருந்த விஸ்கான்சின் தேர்தலில் தோல்வி உறுதி என்றும் செய்தி வந்திருந்தது. அங்கே மெக்கார்த்தி 56 சதவீதம் பெற்றார். நியூ ஹாம்ப்ஷயரின் பங்கு இவற்றில் ஒன்று. கென்னடியின் தயக்கத்தை உடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு இருந்தது, முடிவு வந்த மறுநாளே தன் நிலையை மறுபரிசீலனை செய்வதாக அவர் சொன்னார். அதற்கு மேல் ஏற்றுவது மிகை.

அந்தக் கோடையில் நடந்தவை தெரிந்தவையே. கென்னடி ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில், ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முதல் சுற்றிலேயே வேட்பாளரானார். மெக்கார்த்திக்குக் கிடைத்தவை 601 வாக்குகள். முதனிலைத் தேர்தல் அன்று எவ்வளவு பலமற்றது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். அந்த அவலத்தின் விளைவாகக் கட்சி அமைத்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழுவின் சீர்திருத்தங்களால் 1972 முதல் பேராளர்கள் பெரும்பாலும் வாக்காளர்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டார்கள். 1968-ன் நிலைத்த விளைவு என்று ஒன்றைச் சொல்வதானால் அது இந்த மாற்றம்தான், ஜான்சனின் விலகல் அல்ல.

முதலிடத்தைக் காக்க நியூ ஹாம்ப்ஷயர் 1975-ல் தனிச் சட்டமே இயற்றிக்கொண்டது. 2024-ல் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமை அந்த இடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தபோதும் மாநிலம் பணியாமல் ஜனவரி 23 அன்று தேர்தலை நடத்தியது. பதவியில் இருந்த அதிபர் ஜோ பைடனின் பெயர் சீட்டில் இல்லை. ஆதரவாளர்கள் எழுதிப் போட்டே அவர் 60 சதவீதத்துக்கு மேல் பெற்றார். அந்த ஆண்டு ஜூலை 21 அன்று பைடனும் போட்டியிலிருந்து விலகினார். அதற்குக் காரணம் நியூ ஹாம்ப்ஷயர் அல்ல, ஜூன் 27 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதம்.