பால் சங்கு: முத்துக் கரையில் கைமாறி வந்த ஒரு பாத்திரத்தின் வரலாறு

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டது என்றால் முதலில் தேடப்படும் பொருள்கள் எவை? கடையில் வாங்கும் புதுப் பொருள்களா? இல்லை. பரணில் கிடக்கும் தொட்டில் கம்பு, பாட்டியின் பழைய நூல் சேலை, அக்கா பிள்ளைக்குப் பால் புகட்டிய சங்கு. இன்று "செகண்ட் ஹேண்ட்" என்று சொல்லப்படும் பழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் காலம் காலமாக இருந்து வருவதுதான். பேர் வைக்கும் நாள் வரை பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது, துவைத்த பழைய துணிதான் போட வேண்டும் என்பது இன்றும் பல வீடுகளில் உண்டு.

பழைய பொருள் என்றால் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அது எப்படி நடந்தது, அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் அந்த வரலாறு கடலுக்கு அடியிலிருந்தே தொடங்குகிறது.

கடலில் இருந்து தொட்டிலுக்கு

மன்னார் வளைகுடா முத்துக்குப் பெயர் பெற்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முத்துக்குளிப்பு எல்லா ஆண்டுகளிலும் நடந்ததில்லை. சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும்தான் நடந்தது. தமிழகக் கரையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளிப்பு அப்படி அல்ல. அதுதான் குளியாளிகளுக்கு நிலையான பிழைப்பாக இருந்தது.

பழைய கொற்கைத் துறைமுகம் இருந்த இடத்தில் 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என யார் வந்தாலும் சங்கின் வருமானத்தில் கண் வைத்தார்கள். தூத்துக்குடிச் சங்குகளில் பெரும்பகுதி வங்காளத்துக்குக் கப்பலேறி, அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வளையல்களாக மாறியது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

பெரிய சங்கு கோவிலுக்கும் வளையலுக்கும் போனது. சிறிய சங்கு குழந்தைக்கு வந்தது. சங்கின் வாய்ப்பகுதியில் பாலை ஊற்றினால் அதன் நீண்ட நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். தனியாக மூக்கு வைக்கத் தேவையில்லை. இயற்கையே செய்து கொடுத்த பாத்திரம் என்றால் அது மிகையாகாது. பின்னாளில் இதே வேலையைச் செய்ய வெள்ளி, பித்தளை, எவர்சில்வரில் பாலாடைகள் வந்தன. அவற்றையும் "சங்கு" என்றே பலர் அழைக்கிறார்கள். தாய்வீட்டுச் சீரில் வெள்ளிச் சங்கு வைப்பதும் இதன் தொடர்ச்சியே.

சுத்தம் செய்வதில் உள்ள சிக்கல்

கடலில் இருந்து வரும் சங்குக்குள் உயிருள்ள சதை இருக்கும். கிடங்குகளில் போட்டு வைத்து, சதை அழுகிப் போன பிறகு கழுவி எடுப்பார்கள். மேலே உள்ள பழுப்புத் தோலைச் சுரண்டிய பிறகுதான் வெள்ளை நிறம் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு சிக்கல். சங்கின் உட்புறம் சுருள் சுருளாகப் போகிறது. விரல் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அங்கே தங்கும் பால் புளித்துவிடும். எனவே பால் புகட்டியவுடனே வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

பொருளுக்குப் பொருள் முறையும் மாறும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்கலாம். ஆனால் சங்குக்குப் புளியும் எலுமிச்சையும் ஆகாது. சங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பு பட்டால் அரித்துப்போகும். விரிசல் விட்ட சங்கில் அழுக்கு தங்கும் என்பதால் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

ஐரோப்பாவின் கொலைகார பாட்டில்

இதே சிக்கலை ஐரோப்பா மிக மோசமாகச் சந்தித்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே நீண்ட ரப்பர் குழாய் வைத்த கண்ணாடிப் பால் பாட்டில்கள் விற்பனையாயின. குழந்தை தானே படுத்துக் குடித்துக் கொள்ளும், தாய்க்கு வேலை மிச்சம். ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவ முடியவில்லை. 1861-இல் இங்கிலாந்தில் வெளிவந்த திருமதி பீட்டனின் புகழ்பெற்ற வீட்டு நிர்வாக நூல்கூட, ஒருமுறை மாட்டிய காம்பைப் புதிது மாற்றும் வரை கழற்ற வேண்டியதில்லை என்றே சொன்னது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் ஆராய்ந்து கொண்டிருந்த காலம் அது. ஏராளமான குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். "கொலைகார பாட்டில்" என்று பெயர் வந்த பிறகும் அவை விற்றுக்கொண்டுதான் இருந்தன. பிரான்ஸ் 1910-இல் தடை செய்தது. பிறகு பரவலான பாட்டில், இரண்டு பக்கமும் திறந்த படகு வடிவப் பாட்டில். காரணம், கழுவுவது எளிது!

துணியைத் துவைத்தவர்கள்

பாத்திரத்தை வீட்டுப் பெண்கள் கழுவினார்கள். பிரசவத் துணியையும் தீட்டுத் துணியையும் வெளுத்தவர்கள் ஊர் வண்ணார் குடும்பங்கள். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அடுக்கி, அடியில் தீ மூட்டி ஆவியில் அவிப்பார்கள். கிருமி என்ற சொல்லே தெரியாத காலத்தில் ஆவியால் கிருமி நீக்கும் முறை அது. இன்றைய மருத்துவமனைகளிலும் ஆவிதான் பயன்படுகிறது.

இந்த வேலைக்குக் கிடைத்த கூலி என்ன? கொஞ்சம் தானியம், வீட்டு வாசலில் சோறு, அதோடு தீட்டுப்பட்டவர் என்ற பெயர். தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. 1932-இல் அந்த மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோரின் துணிகளைத் துவைத்த புதிரை வண்ணார்கள் பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்று இரவில் வேலை செய்து வந்ததைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. பச்சைக் குழந்தையின் உடம்பில் படும் துணியைச் சுத்தமாக்கியவர்களையே சமூகம் அசுத்தம் என்று ஒதுக்கியது. கணக்கில் வராத இந்த உழைப்புதான் பல குழந்தைகளைக் காப்பாற்றியது.

மறுபடியும் பாலாடை

20-ஆம் நூற்றாண்டில் பாட்டில் நாகரிகமானது, சங்கு பழசானது. ஆனால் சுத்தமான தண்ணீரும் விறகும் இல்லாத வீடுகளில் பாட்டில் நோயைக் கொண்டு வந்தது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பால் மாவு, பாட்டில் விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-இல் தனிச்சட்டமே இயற்றியது. இன்று குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் புகட்ட நம் மருத்துவமனைகளில் பாலாடை பயன்படுகிறது. திறந்த பாத்திரம் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து எடுப்பது எளிது.

கைமாறி வரும் பொருளில் பாசம் இருக்கிறது, பணமும் மிச்சமாகிறது. அதை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதன் உட்புறம் வரை கழுவ முடியுமா? முடியாது என்றால், அது வெள்ளியாகவே இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம்.